வலியை நம்பியவர்கள்

தென்பெண்ணையாற்றின் வடகரையோரம், பாகூர்க் கொம்யூனின் தென்னெல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது குருவிநத்தம். ஆற்றைக் கடந்தால் கடலூர்ச் சீமை. அவ்வூரில் தடுப்பூசி போடும் நாளொன்றில் சற்று நேரம் அமர்ந்திருக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. பிறந்து ஆறு வாரமே ஆன சிசுவை ஏந்தி இளந்தாய் ஒருத்தி வந்திருந்தாள். அவளுடைய மூத்த மகன், மூன்று வயதிருக்கலாம், பாட்டியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். “அழுதின்னா உனக்கும் ஒரு ஊசி போடச் சொல்லிடுவேன்” என்று பாட்டி அதட்டினார்.

செவிலி நிமிர்ந்து பார்த்தார். “ஆயா, ஊசியைச் சொல்லிப் புள்ளைய மிரட்டாதீங்க. நாளைக்கு ஒடம்பு சரியில்லேன்னாலும் எங்கிட்ட வரமாட்டான்” என்றார். பிறகு தாயிடம், “பாப்பாவைப் படுக்க வைக்காதம்மா, மடியிலேயே வச்சுக்க. மொதல்ல பால் குடிக்கட்டும். குடிக்கும்போதே போட்டுடறேன்” என்றார். ஊசி ஏறியபோது குழந்தை வீறிட்டது. ஆயினும் இரண்டு மூன்று மூச்சுக்குள் மீண்டும் தாயின் மார்பைப் பற்றிக்கொண்டு அமைதியாயிற்று.

மருந்து ஒரு துளியுமின்றி ஒரு வலி தணிந்ததை நாம் கண்ணாரக் கண்டோம். மிக எளிய செயல். ஆனால் அந்த எளிய சொல்லை ஒரு செவிலி உறுதியோடு சொல்வதற்குப் பின்னால், மருத்துவ உலகம் தன் பிழையை உணர்ந்து திருந்திய நெடுங்கதை ஒன்று இருக்கிறது. அதனைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

பச்சிளங் குழந்தைக்கு வலி தெரியாது என்று மருத்துவம் நம்பிய காலம் ஒன்றிருந்தது. அது பழங்காலமுமன்று. 1941-இல் அமெரிக்க ஆய்வாளர் மிர்ட்டில் மக்ரா, குழந்தைகளின் தோலைக் குண்டூசியால் மெல்லக் குத்தி, அவை எவ்வாறு துலங்குகின்றன என்று பதிவு செய்தார். பிறந்த சில நாட்களில் அத்துலக்கம் மந்தமாயிருப்பதாகக் கண்ட அவர், மூளை இன்னும் முதிராமையே அதற்குக் காரணம் என்று கருதினார். இத்தகைய கருத்துகள் பாடமாகிப் பழக்கமாகின. மயக்க மருந்து சிசுவின் உயிருக்கே ஊறு செய்யும் என்ற அச்சமும் உடன் சேர்ந்தது. விளைவு யாது? 1980-களின் நடுப்பகுதி வரையிலும், குறைமாதக் குழந்தைகள் பலருக்கு, உடலை அசையாமற் செய்யும் மருந்தை மட்டும் தந்து, வலி நீக்கும் மருந்து தராமலே அறுவை செய்தார்கள். அசைய முடியாத குழந்தை அழவும் முடியாது. அழாத குழந்தைக்கு வலியில்லை என்று உலகம் எண்ணிக்கொண்டது.

1985-இல் அமெரிக்காவில் ஒரு தாய், தன் குறைமாத மகனுக்கு அவ்வாறே இதய அறுவை நிகழ்ந்ததை அவன் இறந்த பின்னரே அறிந்தாள். அவள் ஓயாமல் கடிதம் எழுதினாள், கேள்வி கேட்டாள். அதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில், இந்தூரில் மருத்துவம் பயின்று சென்ற கன்வல்ஜீத் ஆனந்த் என்னும் இளம் இந்திய மருத்துவர், அறுவைக் கூடத்திலிருந்து திரும்பும் சிசுக்கள் ஏன் இப்படித் துவண்டு வருகின்றன என்று வினவிக்கொண்டிருந்தார். பதினாறு குறைமாதக் குழந்தைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு வலிநீக்கியாகிய ஃபென்டனிலைச் சேர்த்துக் கொடுத்து ஆராய்ந்தார். அது பெற்ற குழந்தைகளின் உடலில் அதிர்ச்சியின் அறிகுறிகள் குறைந்திருந்தன. அறுவைக்குப் பிந்திய சிக்கல்களும் குறைந்தன. 1987-இல் ‘லான்செட்’ இதழில் இம்முடிவு வெளியாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும், சிசுக்களுக்கும் அறுவையின்போது வலி நீக்கம் வேண்டும் என்று அறிக்கை விடுத்தது.

மருத்துவர்கள் ஐயுற்றிருந்த அந்நாட்களிலேயே, படுக்கையருகில் நின்றவர்கள் சிலர் குழந்தையின் வலியை நம்பினார்கள் என்பதை வரலாறு காட்டுகிறது. அவர்கள் செவிலியர்.

அயோவாவைச் சேர்ந்த ஜோ ஈலண்ட் என்ற செவிலி, 1977-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். அறுவைக்காக மருத்துவமனையில் இருந்த, நான்கு முதல் எட்டு வயதுக்குட்பட்ட 25 குழந்தைகளின் மருந்துச் சீட்டுகளை அவர் புரட்டிப் பார்த்தார். அவர்களில் 13 பேருக்கு வலிநீக்கி ஒருமுறைகூடத் தரப்படவில்லை. எஞ்சியவர்களுக்கு எல்லாம் சேர்த்து 24 முறை தரப்பட்டிருந்தது. அதே வகை நோயுடைய 18 பெரியவர்களுக்கோ 671 முறை. இக்கணக்கை ஒருமுறை படித்தவர் எளிதில் மறக்கமாட்டார். ஈலண்ட் அத்தோடு நிற்கவில்லை. குழந்தைகளிடம் வண்ணக்கோல்களைக் கொடுத்து, ‘மிகவும் வலிப்பதற்கு எந்த நிறம், கொஞ்சம் வலிப்பதற்கு எந்த நிறம்?’ என்று கேட்டு, உடல் வரைந்த தாளில் வலிக்குமிடத்தைத் தீட்டச் செய்தார். சொல்லத் தெரியாத பிள்ளை நிறத்தால் சொல்லிற்று.

1980-களின் தொடக்கத்தில் ஒக்லஹோமாவின் டல்சா நகரில், தீக்காயப் பிரிவில் இருந்த குழந்தைகளிடையே டோனா வாங் என்ற செவிலியும், கோனி பேக்கர் என்ற குழந்தை நலப் பணியாளரும் வேறொரு வழி கண்டார்கள். வெற்று வட்டங்களைக் கொடுத்து, அவற்றில் முகம் வரையச் சொன்னார்கள். அவ்வாறு பிறந்ததே, புன்னகையில் தொடங்கிக் கண்ணீரில் முடியும் ஆறு முகங்களின் வரிசை. இன்று உலகெங்கும், நம் நாட்டு மருத்துவமனைச் சுவர்களிலும் காணப்படும் அப்படத்திற்குக் குழந்தைகளே முதல் ஓவியர்கள்.

வலியை நம்பிய பின்னரே அதைத் தணிக்கும் வழியைத் தேட இயலும். 1965-இல் ரொனால்ட் மெல்சாக், பாட்ரிக் வால் என்னும் இருவர், வலி நேரே மூளைக்கு ஓடும் மணியொலி அன்று என்றனர். தண்டுவடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. தொடுதலும் வருடலும் அவ்வாயிலைச் சற்றே சாத்தும். மேலிருந்து மூளை அனுப்பும் செய்தியும் அதை மூடவோ திறக்கவோ செய்யும் என்று விளக்கினர். அக்கொள்கையின் நுணுக்கங்கள் பின்னாளில் திருத்தம் பெற்றன. எனினும் அச்சம் வலியைப் பெருக்கும், ஆறுதல் வலியைச் சுருக்கும் என்ற உண்மைக்கு உடலிலேயே இடமுண்டு என்பதை அது உலகுக்கு உணர்த்தியது. தாயின் மணம், தோலின் வெம்மை, சப்புதல், பாலின் இன்சுவை, பழகிய குரல் ஆகியவை வெறும் தேற்றரவு அல்ல என்பது தெளிவாயிற்று.

அளந்து பார்த்தவர்களும் உண்டு. 2000-ஆம் ஆண்டில் பாஸ்டன் ஆய்வாளர்கள், குதிகாலில் இரத்தம் எடுக்கப்படும் சிசுக்களைத் தாயின் மார்போடு தோலுறக் கிடத்தினார்கள். தொட்டிலில் கிடந்த குழந்தைகளோடு ஒப்பிட, அவற்றின் அழுகை 82 விழுக்காடு குறைந்திருந்தது. 2015-இல் உலக சுகாதார நிறுவனமே தடுப்பூசி வலியைக் குறைக்கும் வழிகளை வகுத்துரைத்தது. பெற்றவர் குழந்தையைப் பிடித்திருக்க வேண்டும். ஊசிக்குச் சற்று முன்போ ஊசியின்போதோ தாய்ப்பால் ஊட்டலாம். ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் கவனத்தைப் பொம்மையாலோ இசையாலோ திருப்பலாம். ஒரே நாளில் பல ஊசிகள் எனின், அதிகம் வலிப்பதைக் கடைசியில் போட வேண்டும். குருவிநத்தத்துச் செவிலி செய்தது இதுவே.

இங்கே நமக்கொரு வியப்பு. இவற்றுள் பல, நம் பாட்டிமார் கைக்கொண்டவை அல்லவா? சேலையில் கட்டிய தூளி, தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தல், தாலாட்டு, பனையோலைக் காற்றாடி எல்லாம் வலியையும் அச்சத்தையும் ஆற்றிய கருவிகளே. ஆயினும் பழமை முழுவதையும் கண்மூடிப் போற்றுதல் தகாது. பிறந்த குழந்தையின் நாவில் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் நம்மிடையே இருந்தது. மருத்துவமனையில் அளந்து, தூய்மையோடு, வலிதரும் சிகிச்சைக்குச் சற்று முன் சில துளி சர்க்கரைக் கரைசல் தருவது வேறு; வீட்டில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ ஊட்டுவது வேறு. ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கொடிய நோயையும் விளைக்கக்கூடும். பாட்டியின் மடியை வைத்துக்கொள்வோம், சேனையை விட்டுவிடுவோம்.

மற்றொரு வியப்பும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்து மருத்துவமனைகளில் பெற்றோர் பிள்ளையைப் பார்ப்பதற்கே கடுங்கட்டுப்பாடு இருந்தது. 1952-இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்து விடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்துக் காட்டினார். பார்த்த மருத்துவர் பலர் சினந்தனர். 1959-இல் பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் தடையின்றி வரவும் தாய் உடன் தங்கவும் இடமளிக்க வேண்டும் என்று கூறிய பின்னரே அக்கதவுகள் மெல்லத் திறந்தன. நம் நாட்டுப் பொதுமருத்துவமனைகளிலோ, கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தாய் படுத்திருப்பது என்றுமுள்ள காட்சி. வறுமையாலும் ஆட்குறைவாலும் நேர்ந்ததாயினும், அவர்கள் அறிக்கை எழுதிப் பெற்றதை நாம் எழுதாமலே பெற்றிருந்தோம்.

ஆனால், தீவிர சிகிச்சைக் கூடங்கள் எழுந்தபோது, நாமும் கதவைச் சாத்தப் பழகினோம். கண்ணாடிக்கு அப்பால் குழந்தை, இப்பால் தாய் என்றாயிற்று. இதனை மாற்றிய ஒளி ஏழை நாடொன்றிலிருந்து வந்தது. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாத நிலையில், எட்கர் ரே சனாப்ரியா என்னும் மருத்துவர் குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்பிலேயே கட்டி வைக்கச் செய்தார். கங்காரு முறை எனப் பெயர் பெற்ற அதற்கு, 2014-இல் நம் நடுவணரசு நெறிமுறை வகுத்தது. இந்தியாவும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளும் பங்கேற்று 2021-இல் வெளியான ஆய்வில், எடை குறைந்த சிசுக்களை நிலைப்படும் முன்னரே தாயின் மார்பில் சேர்த்ததால், முதல் 28 நாட்களில் இறப்பு நூற்றுக்கு 15.7-லிருந்து 12 ஆகக் குறைந்திருந்தது. வலியைத் தணிக்கும் மடி உயிரையும் காத்தது.

நம் புதுவைக்கும் இவ்வரலாற்றில் ஓரிடமுண்டு. இங்கு 1823-இல் பிரெஞ்சியர் மருத்துவப் பள்ளி நிறுவினர். 1964-இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்ற நிறுவனம் தன் தொடக்கத்தை அப்பள்ளியிலேயே காண்கிறது. 1827-இல் க்ளூனி புனித சூசையப்பர் சபை அருட்சகோதரியர் புதுவையில் கால்வைத்தனர். செவிலியரைச் ‘சிஸ்டர்’ என்று நாம் அழைப்பதே, துறவியர் நோயாளரைப் பேணிய ஐரோப்பிய மரபின் எச்சம். அச்சொல்லில் உறவு இருக்கிறது. உறவுக்குரியவர் பொய் சொல்லலாகாது.

ஆம், ‘வலிக்காது’ என்பது பொய். நம் உறவினர் வீட்டுச் சிறுவன் ஒருவனை, ஒரு மருத்துவமனையில் நால்வர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துத் தையலிட்டதை நாம் அருகிருந்து கண்டோம். ‘வலிக்காது, வலிக்காது’ என்று அனைவரும் கூவினர், நாமும் கூவினோம். அன்று அவன் நம்மை நோக்கிய பார்வையில் வலியைவிட, ஏமாற்றப்பட்டதன் துயரமே மிகுந்திருந்தது. ‘சற்று வலிக்கும், விரைவில் முடியும், உன் கையைப் பிடித்திருக்கிறேன்’ என்றிருக்கலாம். வலக்கையா இடக்கையா என்று அவனையே கேட்டிருக்கலாம். படுக்க வைத்து அமுக்காமல் மடியில் இருத்தியிருக்கலாம். காற்றாடியை ஊதச் சொல்லி மூச்சை நீட்டச் செய்திருக்கலாம். இவற்றுக்குச் செலவு ஏதுமில்லை. சில நிமிடங்களே வேண்டும். அந்தச் சில நிமிடங்கள்தாம், ஒருவராய் நின்று ஒரு கூடம் நிறைந்த படுக்கைகளைக் கவனிக்கும் செவிலிக்கு அரிதாகின்றன. ஆகவே செவிலியரின் கனிவைப் போற்றுவோர், அவர்களுடைய எண்ணிக்கையைக் கூட்டவும் குரல் கொடுத்தாக வேண்டும்.

இன்னுமொன்றைத் தெளிவாகக் கூறவேண்டும். மருந்தில்லா முறைகள் மருந்துக்குத் துணையேயன்றி மாற்றல்ல. ஊசிக் குத்துக்கு மடியும் பாட்டும் போதும். எலும்பு முறிவுக்கும் தீக்காயத்துக்கும் புற்றுநோய்க்கும் போதா. நம் நாட்டில் 1985-இன் போதைப்பொருள் தடைச் சட்டத்திற்குப் பின் மார்ஃபின் கிடைப்பதே அரிதாயிற்று. 2014-இன் திருத்தம் அத்தடையைத் தளர்த்தியது. மருந்து தேவைப்படும் குழந்தைக்குத் தாலாட்டை மட்டும் தருவதும் பழைய பிழையின் புதிய வடிவமே.

குருவிநத்தத்தில் அன்று ஊசி முடிந்ததும், மூத்த பையன் சேலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, “பாப்பாவுக்கு வலிச்சுதா?” என்று கேட்டான். செவிலி அவனுக்கு எதிரே குனிந்து, “கொஞ்சம் வலிச்சுது கண்ணு. இப்ப சரியாயிடுச்சு, பாரு” என்றார். அவன் பார்த்தான். பாட்டியும் பார்த்தார், பிறகு அவர் மிரட்டவில்லை. அவனுக்கு அடுத்த ஊசி ஐந்து வயதில் வரும். அன்று அவன் சேலைக்குள் ஒளியாமல் நடந்து வருவானாயின், அதற்கான மருந்து இன்றே கொடுக்கப்பட்டுவிட்டது என்று எண்ணியவாறு நாம் ஆற்றங்கரை வழியே திரும்பினோம்.