எச்சம்: ஆச்சியின் ஸ்வெட்டரும் ஒரு சரிகைத் துணியும்

மகர்பட்டாவில் டிசம்பர் இரவுகள் குளிரத் தொடங்கியதும் போர்வை தேடினேன். அலமாரியின் மேல்தட்டிலிருந்து, நான் மறந்தே போயிருந்த துணிப்பை ஒன்று கைக்கு வந்தது. அதனுள் முடிக்கப்படாத பின்னல் வேலைகள் மூன்று இருந்தன. இரண்டு என்னுடையவை: முதுகலை இரண்டாம் ஆண்டில் தொடங்கி இரண்டு சாண் நீளத்தில் நின்றுபோன கழுத்துத்துண்டு ஒன்று, இணையில்லாத காலுறை ஒன்று. மூன்றாவது ஆச்சியுடையது. சாம்பல்நிறக் கம்பளி நூலில், கை தொடங்கும் இடம்வரை வளர்ந்து நின்றுவிட்ட ஸ்வெட்டரின் முன்பக்கம். ஊசி இன்னும் கண்ணிகளுக்குள்ளேயே இருந்தது. இவற்றோடு ஏழெட்டு மிச்ச நூலுருண்டைகளும் கிடந்தன.

புதிய நூல் வாங்குவதில்லை, இருப்பதை முடித்த பின்னரே அடுத்த வேலை என்று அன்றிரவே முடிவு செய்தேன். (ஆய்வேட்டின் நான்காம் இயல் குறித்தும் இத்தகைய முடிவை எடுத்திருக்கலாமே என்று என் நெறியாளர் நினைக்கக்கூடும்.) கழுத்துத்துண்டு ஒரு வாரத்தில் முடிந்தது. காலுறையைப் பிரித்துவிட்டேன், யாருக்கும் இழப்பில்லை. ஆச்சியின் ஸ்வெட்டரில்தான் கை நின்றுவிட்டது. அந்தத் தயக்கத்தை ஆராயப் போய் எழுதியது இப்பதிவு.

பாளையங்கோட்டையில் பிறந்த ஒருவருக்குக் கம்பளி நூலோடு என்ன தொடர்பு? தாத்தா கிர்க்கியில் பணிபுரிந்த ஆண்டுகளில் ஆச்சி அங்கே குடித்தனம் நடத்தினார். பக்கத்து வீட்டு மராத்தியப் பெண்மணி ஒருவரிடம் பின்னல் கற்றார். ஸ்வெட்டருக்குள் நான்காக மடித்த தாள் ஒன்று இருந்தது. அதில் ஆச்சியின் கையெழுத்தில் ‘சு 2 உ 2’ என்ற குறிப்பும், அதன்கீழ் ஐந்தைந்தாகக் கட்டிய பென்சில் கோடுகளும் இருந்தன. ‘சு’ என்பது சுலட், ‘உ’ என்பது உலட். மராத்தியில் நேர்க்கண்ணிக்கும் புரட்டிய கண்ணிக்கும் வழங்கும் சொற்கள் இவை. நம் திரைப்படப் பேச்சு வழக்கின் ‘உல்டா’வும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. மராத்தி எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சி, காதால் வாங்கிய கலைச்சொற்களைத் தமிழ் எழுத்தில் சுருக்கக்குறியாக்கி ஒரு குறியீட்டு முறையையே வகுத்திருக்கிறார். மொழித்தொடர்பு குறித்த எத்தனையோ கட்டுரைகளைப் படித்த எனக்கு, வீட்டிலேயே இப்படியொரு தரவு பத்தாண்டுகளாகக் கிடந்தது தெரியாமல் போயிற்று.

கோடுகளை எண்ணினேன்: 46. துணியில் வரிசைகளை எண்ணினேன்: 48. கடைசி இரண்டு வரிசைகளை ஆச்சி குறிக்கவில்லை. யாரோ கூப்பிட்டிருக்க வேண்டும்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் இறுதி இயலுக்கு எச்சவியல் என்று பெயர். ‘வந்து’ என்ற சொல் ஒரு வினையை எதிர்நோக்கி நிற்பதால் வினையெச்சம்; ‘வந்த’ என்பது ஒரு பெயரை எதிர்நோக்கி நிற்பதால் பெயரெச்சம். எச்சம் என்ற சொல்லில் குறை என்னும் பொருளோடு எஞ்சியது என்னும் பொருளும் உண்டு. முடியாத பின்னலையும் மிச்ச நூலையும் ஒரே சொல்லால் குறிக்கத் தமிழில் வசதி இருக்கிறது.

ஊசியில் நிற்கும் பின்னல் இலக்கணப் பொருளிலேயே எச்சம்தான். இரண்டு ஊசிகளால் பின்னும்போது ஒவ்வொரு கண்ணியையும் அதற்கு மேலே வரும் கண்ணியே தாங்குகிறது. கடைசி வரிசைக்கு மேலே ஒன்றுமில்லை. அந்த வரிசை முழுவதையும் ஊசிதான் பிடித்திருக்கிறது. ஊசியை உருவி நூலின் நுனியை இழுத்தால் 48 வரிசைகளும் ஒன்றன்பின் ஒன்றாகக் கரைந்துவிடும். கொக்கி ஊசியால் போடும் குரோஷாவின் இயல்பு வேறு. அதில் திறந்திருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணி. அதற்குள் நூலை இழுத்து முடிந்துவிட்டால் எங்கே நிறுத்தினாலும் துணி நிற்கும்.

இவ்வேறுபாட்டைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னலின் வரலாற்றில் நூலுக்கு வரலாறு இருக்கும் அளவுக்குக் கைகளுக்கு வரலாறு இல்லை. மொழியியல் மாணவர் அனைவருக்கும் 1856 என்ற ஆண்டு தெரியும். கால்டுவெலின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்த ஆண்டு. அதே இடையன்குடி வீட்டில் எலிசா கால்டுவெல் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்பித்துக்கொண்டிருந்தது நம் பாடத்திட்டத்தில் இல்லை. எலிசாவின் தாய் மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் 1820களின் தொடக்கத்திலேயே லேஸ் பள்ளியைத் தொடங்கியவர். எலிசா அங்கே வளர்ந்து, 1844இல் கால்டுவெலை மணந்து, கைத்தொழிலையும் உடன்கொண்டு இடையன்குடிக்கு வந்தார். திருவிதாங்கூரில் அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் லேஸ் வருவாயைச் சேர்த்துத் தம் விடுதலையை விலைகொடுத்து வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. அங்கே அடிமைமுறையை ஒழிக்கும் அரசாணை 1855இல்தான் வந்தது என்பதோடு சேர்த்துப் படித்தால் அந்த நூலின் எடை விளங்கும். ஆயினும் அவ்வரலாறுகளில் தொழிலைக் கொண்டுவந்த இருவருக்கும் பெயர் உண்டு. பின்னியவர்கள் பெரும்பாலும் ‘பெண்கள்’ என்ற பன்மைக்குள் நிற்கிறார்கள்.

நான் வாழும் நகரத்துக்குத் திரும்புகிறேன். மகர்பட்டாவிலிருந்து முளா முட்டா ஆற்றைக் கடந்தால் சிறிது தொலைவில் ஆகா கான் மாளிகை. ஆகஸ்ட் 1942 முதல் மே 1944 வரை காந்தி அங்கே காவலில் இருந்தார். கஸ்தூர்பா 22 பிப்ரவரி 1944 அன்று அங்கேயே இறந்தார். காந்தி நூற்ற நூலால் நெய்த சேலையை உடுத்தி அவரை எரியூட்டினார்கள். ஆற்றின் மேற்புறமுள்ள எரவாடா சிறை, நூற்பின் வரலாற்றில் தனியிடம் உடையது. பெட்டிக்குள் மடக்கிக் கொண்டுசெல்லத்தக்க ராட்டைக்கு எரவாடா சக்கரம் என்ற பெயர் அச்சிறையால் வந்தது.

நூற்பவரைக் கணக்கில் ஏற்றிய இயக்கம் அது. 1924 பெல்காம் காங்கிரஸ், உறுப்பினராக இருக்க விரும்புவோர் மாதந்தோறும் 2000 கெஜம் கைநூல் தரவேண்டும் என்று விதித்தது. ஏறத்தாழ 1.8 கிலோமீட்டர். தாமே நூற்க இயலாதவர் பிறர் நூற்றதை வாங்கித் தரலாம். விதி ஓராண்டுகூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 1925இல் நாலணாக் கட்டணத்தை மாற்றாக ஏற்றுத் தளர்த்தினார்கள். அதே ஆண்டு அகில பாரத நூற்போர் சங்கம் பிறந்தது. நூல் சிட்டம் என்பது ஒருவருடைய பெயரைத் தாங்கிய பொருளாக மாறியது இக்காலத்தில்தான். இன்னாருடைய நூல் என்று ஒரு சேலையை அடையாளம் சொல்ல முடிந்ததும் அதனாலேயே. சேலையை நெய்தவரின் பெயர் அந்தச் சொற்றொடருக்குள் இயல்பாக வருவதில்லை.

நூலிலிருந்து பின்னலுக்கு வருவோம். இந்தியாவில் பின்னிய துணிகளுள் மிகவும் பேசப்பட்டது 1947 நவம்பரில் லண்டன் சென்ற சிறு விரிப்பு ஒன்று. இளவரசி எலிசபெத்தின் திருமணம் அம்மாதம் 20ஆம் நாள். மவுண்ட்பேட்டன் இணையர் விழாவுக்குப் புறப்பட்டபோது காந்தி தம் அன்பளிப்பை அவர்களிடம் ஒப்படைத்தார். தாம் நூற்ற நூலால் ஆன வெள்ளைச் சரிகைத் துணி. நடுவில் ‘ஜெய் ஹிந்த்’. புனித ஜேம்ஸ் அரண்மனையில் 2,500க்கும் மேற்பட்ட பரிசுகளோடு அதையும் காட்சிக்கு வைத்தார்கள். மணமகளின் பாட்டி ராணி மேரி அதைக் காந்தியின் இடுப்புத்துணி என்று எண்ணி முகம் சுளித்த கதை பலருக்கும் தெரியும். அன்றைய பிரிட்டனில் துணிப் பங்கீடு இன்னும் முடியவில்லை. மணமகளின் உடைக்கே கூப்பன் வேண்டியிருந்தது. பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, நூலைக் கழுவி, சுருக்கம் நீங்க எடை கட்டித் தொங்கவிட்டு மறுபடி பின்னும் முறையை அரசே 1943இல் கையேடு வெளியிட்டு ஊக்குவித்த நாடு அது. நூலின் அருமை தெரிந்த காலத்தில் அந்தத் துணி அவமதிக்கப்பட்டது.

என் கவனம் ராணி மேரியிடம் நிற்கவில்லை. துணியுடன் காந்தி மவுண்ட்பேட்டனுக்கு எழுதிய 9 நவம்பர் 1947 நாளிட்ட சிறு கடிதத்தில் நின்றது. அதன் பொருள் இவ்வளவே: இது நான் நூற்ற இரட்டை இழை நூலால் ஆனது; பின்னியவர் ஒரு பஞ்சாபிப் பெண்; அவருக்குப் பயிற்சி தந்தவர் அபாவின் கணவர், என் பேரன்; அபாவை லேடி மவுண்ட்பேட்டன் அறிவார்; மணமக்களுக்கு என் ஆசி.

ஒரு மொழியியல் மாணவியாக இதைப் படிக்கிறேன். பின்னியவரை அடையாளப்படுத்த வாக்கியம் படிப்படியாக நகர்கிறது: பெண், அவருக்குக் கற்பித்தவர், அவருடைய மனைவி, அம்மனைவியை அறிந்த சீமாட்டி. படிகள் ஏற ஏற அடையாளம் துலங்குகிறது. அபாவின் கணவர் கனு காந்தி, காந்தியின் ஒளிப்படக்காரர். அபா, ஏறத்தாழ மூன்று மாதம் கழித்து 30 ஜனவரி 1948 அன்று காந்தியின் அருகில் நடந்துவந்தவர். சங்கிலியின் முதல் கண்ணி மட்டும் பெயரில்லாமல் இருக்கிறது. பின்னிய என்ற பெயரெச்சம் எதிர்நோக்கும் பெயர் அங்கே பொதுப்பெயராகவே நின்றுவிட்டது. (கனு உண்மையில் அண்ணன் தம்பி வழிப் பேரன் என்று உரையாசிரியர்கள் குறிப்பெழுதுவார்கள். தமிழர் உறவுமுறையில் அக்குறிப்புக்கு வேலையே இல்லை.)

காந்தியைக் குறைகூறுவது என் நோக்கமன்று. பரிசு அளித்த பெரியவர்களில் எத்தனை பேர் பின்னிய கையைக் குறிப்பிட்டிருப்பார்கள்? அவர் குறிப்பிட்டார். நூற்றவனும் பின்னியவளும் ஒருவர் அல்லர் என்பதை மறைக்கவில்லை. நாம்தான் அதை ‘காந்தி தந்த துணி’ என்று சுருக்கிவிட்டோம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. கடிதத்தின் ஆங்கிலச் சொல் ஊசிப்பின்னலைக் குறிப்பது. அரச சேகரிப்பின் விவரக்குறிப்போ அதைக் குரோஷா என்கிறது. இதைப் பிழையென்று தள்ள வேண்டியதில்லை. காந்தியின் தாய்மொழியான குஜராத்தியில் ‘கூந்த்வும்’ என்னும் வினை சடைபின்னுவது, ஊசியால் பின்னுவது, கொக்கியால் பின்னுவது அனைத்துக்கும் பொது. தமிழின் ‘பின்னு’வும் அப்படியே. மராத்தியும் இந்தியும் இன்னும் ஒரு படி மேலே போய் நெசவையும் பின்னலையும் ஒரே வினையால் சொல்கின்றன. இம்மொழிகளில் சிந்திக்கும் ஒருவருக்கு ஊசி ஒன்றா இரண்டா என்பது சொல்லின் பகுதியாக இல்லை.

‘இரட்டை இழை’ என்ற விவரமும் வீண் அலங்காரமன்று. கைராட்டையில் நூற்ற ஒற்றை இழையில் முறுக்கு ஒரே திசையில் தேங்கியிருக்கும். அப்படியே பின்னினால் துணி ஒருபக்கம் கோணும். இரண்டு இழைகளை எதிர்த்திசையில் சேர்த்து முறுக்கினால் சமநிலை வரும். பின்னுவதற்கேற்ற நூல் எது என்று அறிந்த ஒருவரின் கருத்து அந்தச் சொல்லில் இருக்கிறது.

அம்மாவிடம் தொலைபேசியில் ஆச்சியின் ஸ்வெட்டரைப் பற்றிச் சொன்னேன். அருங்காட்சியகப் பொருள்போல அதை அப்படியே வைத்துக்கொள்ளப் போவதாகவும் சொன்னேன்.

“ஏட்டி, பூச்சி அரிக்கதுக்கா வச்சிருக்கப் போற? உங்க ஆச்சி போட்டுக்கிடத்தான பின்னுனா? ஒண்ணு முடி, இல்லேன்னா பிரிச்சு வேற பின்னு.”

பிரிக்க மனம் வரவில்லை. பிரித்தால் நூல் மிஞ்சும், கை மிஞ்சாது. ஆச்சியின் கண்ணிகள் என்னுடையவற்றைவிட இறுக்கமானவை. ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் முதல் கண்ணியைப் பின்னாமல் நழுவவிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. இதெல்லாம் தாளில் இல்லை, துணியில்தான் இருக்கிறது. ஆகவே முதலில் 48 வரிசைகளையும் படமெடுத்தேன். கண்ணி கண்ணியாகக் கட்டத்தாளில் பெயர்த்தெழுதினேன். ஆச்சியின் குறியீட்டையே கையாண்டேன். பிறகு 49ஆம் வரிசையைத் தொடங்கினேன்.

சாம்பல் நூல் கால் உருண்டைகூட இல்லை. பையிலிருந்த மிச்சங்களில் மெல்லிய நீல நூலையும் வெள்ளை நூலையும் சேர்த்துப் பிடித்தபோது கனம் ஏறத்தாழப் பொருந்தியது. இது முறுக்கிய இரட்டை இழை அன்று, சேர்த்துப் பிடித்தது மட்டுமே. ஆயினும் வேலை நடக்கிறது. இணைந்த இடம் தெளிவாகத் தெரிகிறது. கீழே இறுக்கமான சாம்பல், மேலே சற்றுத் தளர்ந்த நீலவெள்ளை. நடுவே ஒரு வரிசை மட்டும் பச்சை நூலால் போட்டிருக்கிறேன். ஆச்சியின் தாளைப் படியெடுத்து, தொடங்கியவர், தொடர்ந்தவர் இருவர் பெயரையும் எழுதி, ஸ்வெட்டரின் உட்பக்கத்தில் ஒரு சிறு துணிப்பட்டையில் தைக்கவிருக்கிறேன். பின்பக்கமும் கைகளும் இன்னும் தொடங்கவே இல்லை. நீல நூல் அதுவரை வருமா என்பது ஐயமே.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ ஊசியோடு நின்றுபோன பின்னல் இருந்தால், பிரிப்பதற்கு முன் ஒரு படம் எடுங்கள். உடன் தாள் இருந்தால் அதையும் எடுங்கள். பாட்டி, அத்தை, அம்மா ஆகியோர் நேர்க்கண்ணியையும் புரட்டிய கண்ணியையும் எந்தச் சொல்லால் குறித்தார்கள், அதை எந்த ஊரில் யாரிடம் கற்றார்கள் என்று கேட்டுப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். நாகர்கோவில், இடையன்குடிப் பக்கத்து லேஸ் வீடுகளிலிருந்து சொற்கள் வந்தால் மிகவும் மகிழ்வேன்.