யார் வாங்கித் தந்த பூ?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் வசந்த காலத்தின் முடிவில் ‘ப்ராம்’ என்றொரு நடன இரவு உண்டு. பள்ளிப் படிப்பை முடிக்கப்போகும் மாணவர்களுக்கானது. புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலில் ஒரு சிறு சடங்கு நடக்கும். பையன் தான் வாங்கிவந்த பூவைப் பெண்ணின் மணிக்கட்டில் மாட்டுவான். பெண் அவன் கோட்டு மடிப்பில் ஒற்றைப் பூவைக் குத்துவாள். பெற்றோர் படம் எடுப்பார்கள். பெண்ணின் கைக்கு வரும் பூவுக்குக் ‘கோர்சாஜ்’ என்று பெயர். அழகான வழக்கம்தான். ஆனால் அந்தப் பூவை யார் தேர்ந்தெடுக்கலாம், யார் அணியலாம் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனால், பெண்களின் வரலாறு ஒன்று கிடைக்கிறது.

கோர்சாஜ் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு உடையின் மார்புப் பகுதி என்று பொருள். அங்கே குத்திக்கொள்ளும் பூங்கொத்துக்கு அந்த இடத்தின் பெயரே ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. ப்ராம் என்பது ‘ப்ராமனேட்’ என்பதன் சுருக்கம். விருந்தினர் முன்னிலையில் ஜோடி ஜோடியாக நடந்து வருவது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடகிழக்கு அமெரிக்கக் கல்லூரிகளில் இருந்த இந்த வழக்கம், 1930களுக்குள் உயர்நிலைப் பள்ளிகளிலும் பரவியது.

அதே காலத்தில் இன்னொரு மாற்றமும் நடந்தது. வரலாற்றாசிரியர் பெத் பெய்லி 1988இல் வெளியிட்ட ‘ஃப்ரம் ஃப்ரன்ட் போர்ச் டு பேக் சீட்’ என்ற நூலில் அதை விளக்குகிறார். முன்பெல்லாம் நடுத்தர வர்க்கப் பையன் பெண்ணைப் பார்க்க அவள் வீட்டுக்கு வரவேண்டும். வரச்சொல்லும் உரிமை பெண்ணுக்கும் அவள் தாய்க்கும்தான் இருந்தது. சந்திப்பு வீட்டுக் கூடத்திலிருந்து உணவகத்துக்கும் திரையரங்குக்கும் நடன அரங்குக்கும் நகர்ந்தபோது காசு தேவைப்பட்டது. காசு பையனிடம் இருந்தது. அழைக்கும் உரிமையும் அவனிடம் போனது. பெண்ணுக்குக் காவலிலிருந்து விடுதலை கிடைத்தது உண்மை. யாராவது அழைக்கும்வரை காத்திருக்கும் நிலையும் கூடவே வந்தது.

கோர்சாஜ் அந்த அழைப்புக்கான ரசீது. ஆர்க்கிட் விலை கூடுதல், கார்னேஷன் மலிவு. அரங்குக்குள் நுழைந்ததும் யாருக்கு எவ்வளவு செலவழிக்கப்பட்டிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். பூ இல்லாதவள் பற்றியும் தெரிந்துவிடும். சமூகவியலாளர் வில்லர்ட் வாலர் 1937இல் கல்லூரி மாணவர்களின் டேட்டிங் பழக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரை இதை ஒரு மதிப்பெண் போட்டியாகவே விவரித்தது. பையனை மதிப்பிடக் காரும் பணமும் இருந்தன. பெண்ணை மதிப்பிட, அவளை யார் அழைத்து வந்தார்கள் என்பது இருந்தது.

பூ மார்பிலிருந்து மணிக்கட்டுக்கு வந்ததற்குக் காரணம் தையல்தான். தோள்பட்டை இல்லாத கவுன்களில் ஊசி குத்த இடமில்லை; மெல்லிய துணி பூவின் கனத்தைத் தாங்காது. எலாஸ்டிக் பட்டை அதைத் தீர்த்துவைத்தது. ஆனால் பழைய ஏற்பாடு மாறவில்லை. பெண் தன் கவுனின் நிறத்தைச் சொல்லிவிட வேண்டும். அதற்குப் பொருத்தமான பூவை அவன் வாங்குவான்.

நியூ ஜெர்சியில் வசித்த நாட்களில், ஒரு மே மாதம் முழுக்கச் சனிக்கிழமைகளில் ஒரு பூக்கடையில் உதவிக்குப் போனேன். சிறு ரோஜாக்களின் காம்பை வெட்டி, கம்பி கோத்து, பச்சை டேப் சுற்றி, ரிப்பன் முடிந்து குளிர்பெட்டியில் அடுக்குவது வேலை. பையன்கள் பெரும்பாலும் அம்மாவோடுதான் வந்தார்கள். பேசியதும் அம்மாக்கள்தான்; கைபேசியில் கவுன் துணியின் நிறத்தைக் காட்டி, தேர்ந்தெடுத்து, பணம் கட்டுவார்கள். பெண்ணுக்காகப் பையன் தேர்ந்தெடுத்ததாகச் சொல்லப்படும் பூவில் பாதி, இன்னொரு பெண் செய்த வேலை. ஒருநாள் ஒரு மாணவி தனியாக வந்து வெள்ளை ரோஜாவில் ஒன்று கேட்டாள். “யாருக்கு?” என்றேன், சீட்டில் எழுதுவதற்காக. “எனக்கேதான்” என்றாள். குரலில் கொஞ்சம் சண்டைக்குத் தயாரான தொனி இருந்தது.

அந்தத் தொனி எனக்குப் புரிந்தது. நம் ஊரில் பூ சிறுவயது முதலே பெண்ணின் தலையில் ஏறுகிறது. ஆனால் கணவன் இறந்ததும் அதை எடுத்துவிடச் சொல்லும்போதுதான், இத்தனை நாளும் அது யார் பெயரில் இருந்தது என்பது தெரிகிறது.

யாரெல்லாம் ஜோடி சேரலாம் என்பதற்கும் அமெரிக்காவில் வேலி இருந்தது. பள்ளிகளில் இனப் பிரிவினை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. பிறகு தெற்கு மாநிலங்களில் பல ஊர்களில் பள்ளிகள் ப்ராம் நடத்துவதையே கைவிட்டன. பெற்றோர்கள் வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று தனியாக நடத்தினார்கள். மிசிசிப்பியின் சார்ல்ஸ்டனில், பொதுவான ப்ராமுக்கு நானே செலவழிக்கிறேன் என்று நடிகர் மார்கன் ஃப்ரீமன் 1997இல் சொன்னார். 2008இல்தான் அது நடந்தது. ஜார்ஜியாவின் வில்காக்ஸ் கவுண்டியில் 2013இல் இரண்டு கறுப்பு மாணவிகளும் இரண்டு வெள்ளை மாணவிகளும் சேர்ந்து, தாங்களே பணம் திரட்டி, எல்லோருக்குமான ப்ராமை நடத்திக் காட்டினார்கள். மறுவருடம் பள்ளியே நடத்தியது.

2010இல் மிசிசிப்பியின் ஃபுல்டனில் கான்ஸ்டன்ஸ் மெக்மில்லன் என்ற மாணவி, கோட்டு அணிந்து தன் தோழியோடு ப்ராமுக்கு வர அனுமதி கேட்டார். பள்ளி நிர்வாகம் ப்ராமையே ரத்து செய்தது. அவருடைய கருத்துரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் சொன்னது. பிறகு அவரை ஒரு இடத்துக்கு வரச்சொல்லிவிட்டு, பெரும்பாலான மாணவர்கள் வேறிடத்தில் கூடி ஆடினார்கள். இறுதியில் நிர்வாகம் 35,000 டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. இரண்டு பெண்கள் சேர்ந்து போனால் யார் யாருக்குப் பூ வாங்குவது? ஊரைப் பயமுறுத்தியதில் இந்தக் கேள்விக்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

எங்கள் கடைக்கு வந்த கார்னேஷன் பெட்டிகளில் கொலம்பியா என்று அச்சிட்டிருக்கும். 1960களின் இறுதியில் பொகோட்டா சமவெளியில் ஏற்றுமதிக்கான பூப்பண்ணைகள் வளரத் தொடங்கின. 1991இல் அமெரிக்கா இறக்குமதி வரியை நீக்கியதும் இன்னும் பெருகின. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். காம்பு வெட்டி வெட்டி மணிக்கட்டு வலி கண்டவர்கள், பூச்சிமருந்து நெடியில் நிற்பவர்கள். பிப்ரவரி 14ஐ அங்குள்ள தொழிலாளர் அமைப்புகள் மலர்த் தொழிலாளர் நாளாக அனுசரிக்கின்றன.

இப்போது தோழிகள் கூட்டமாகப் போகிறார்கள். ஒருவருக்கொருவர் பூ வாங்கிக்கொள்கிறார்கள். சிலர் பூவே வேண்டாம் என்கிறார்கள். வாங்கும் உரிமை பெண் கைக்கு வந்தது பெரிய மாற்றம். அதே பூவை வெட்டிக் கட்டி அனுப்பும் பெண்ணின் கூலியையும் கையையும் பற்றிக் கேட்பது அடுத்த வேலை.