கியர் பொக்ஸ் சொல்லும் வரலாறு



நமது வாவிக்கரை ஊர்களில் வாப்பாமார் ஓடிய மொரிஸ் மைனர் கார்கள் இன்னும் சில வளவுகளில் நிற்கின்றன. உள்ளே இருப்பது எந்தக் காலத்துக் கியர் பொக்ஸ்? வாகனப் புத்தகத்தை மட்டும் நம்ப முடியாது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. கிடைத்ததைப் பூட்டித்தான் ஓடினோம்.

எண்ணெய் அழுக்கைத் துடைத்துவிட்டுப் பெட்டியையே பார்ப்போம். கியர்த் தடி நீளமாகப் பெட்டியின் மேலிருந்தே எழுந்தால், அது 1956க்கு முந்தியது. தடி குட்டையாகப் பின்னால் இருந்து, பெட்டி வழுவழுப்பாக இருந்தால், 1956இல் வந்த 948 சீசீ இன்ஜினுக்குரியது. வெளிப்புறம் வரிவரியாகப் புடைத்திருந்தால், 1962இன் 1098 சீசீக்குரியது.

காரின் ஆண்டோடு பொருந்தாவிட்டால் அது குறையல்ல. தட்டுப்பாட்டிலும் காரை ஓடவைத்த நம் கராஜ்காரரின் கைவேலைக்கு அதுதான் சாட்சி. பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் ஒருமுறை பாருங்கள்.