வாப்பாவின் மொறிஸ் மைனரும் ஒரு ஹேண்டிலும்



போன கிழமை எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுமத்தில் ஒரு பழைய படம் வந்தது. சோனகதெருவில் எங்கள் வீட்டு வாசல். பெருநாள் உடுப்புடன் நாங்கள் சகோதரர்கள் வரிசையாக நிற்கிறோம். எங்களுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில், ஆமையைப் போலக் குந்திக்கொண்டிருக்கிறது ஒரு கார். புத்தளத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள், "இதென்ன கார்? இது யாருடையது? இப்ப எங்க?" என்று கேட்டார்கள்.

முதல் இரண்டு கேள்விகளுக்கும் உடனே பதில் சொல்லிவிட்டோம். மூன்றாவதைச் சொல்லப்போனால் கதை நீளும். அதனால் இங்கேயே எழுதுகிறோம். யாழ்ப்பாணத்து வீடுகளில் இப்படியான கார் வைத்திருந்த பலர் இதை வாசிப்பீர்கள். பிழை இருந்தால் திருத்துங்கள்.

அது மொறிஸ் மைனர், 1955ஆம் ஆண்டுக் கார். முன்கண்ணாடி நடுவில் பிரிந்து இரண்டாக இருக்கும். எஞ்சின் வெறும் 803 சீசீ. இன்றைய பெரிய மோட்டார் சைக்கிள்கள் சிலவற்றில் இதைவிடப் பெரிய எஞ்சின் இருக்கிறது. ஆனால் அந்தச் சின்ன எஞ்சின்தான் எங்கள் உம்மும்மாவையும், வாப்பா உம்மாவையும், பிள்ளைகள் ஆறு பேரையும், ஒரு சட்டி புரியாணியையும் காரைநகர் கசூரினா கடற்கரைவரை இழுத்துக்கொண்டு போய் வந்தது.

இந்தக் கார்கள் எப்படி எங்கள் ஊருக்கு வந்தன என்று முதலில் பார்ப்போம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியா கடனில் மூழ்கியிருந்தது. டொலர் தேவை, அதற்கு ஏற்றுமதி தேவை. அப்போது அங்கே இரும்புத் தகடும் தட்டுப்பாடு. வெளிநாட்டுக்கு அதிகம் விற்கும் கார்த் தொழிற்சாலைக்கே அதிக இரும்பு என்று அரசாங்கம் பங்கிட்டது. அதனால் அங்குள்ளவர்கள் கார் வாங்கக் காத்திருந்த காலத்தில், கப்பல் கப்பலாகக் கார்கள் வெளிநாடுகளுக்குப் போயின. இலங்கை அப்போதுதான் சுதந்திரம் பெற்ற நாடு. வீதியில் இடப்பக்கம் ஓடுகிற நாடு. தேயிலையும் இறப்பரும் நல்ல விலை போன காலம் அது. 1947இல் வந்த ஒஸ்டின் ஏ 40, பிறகு ஒஸ்டின் ஏ 30, ஹில்மன், ஃபோர்ட் பிரிஃபெக்ட், வொக்ஸ்ஹோல் எல்லாம் கொழும்புத் துறைமுகத்தில் இறங்கின. அவற்றோடு மொறிஸ் மைனரும் வந்தது.

மைனரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் 1906இல் ஸ்மிர்னாவில் பிறந்தவர். இன்றைய துருக்கியின் இஸ்மிர் நகரம் அது. அப்போது உஸ்மானியப் பேரரசின் துறைமுகம். போருக்குப் பின் வந்த கலவரத்தில் அவரது குடும்பமும் பிறந்த ஊரை விட்டு வெளியேறவேண்டி வந்தது. இளவயதில் தாயுடன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர். ஊர் இழந்த ஒருவர் வரைந்த காரைத்தான் நாங்கள் வைத்திருந்தோம் என்பது அந்த நாளில் எங்களுக்குத் தெரியாது.

1948 ஒக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சிக்கு அந்தக் கார் தயாராகிக்கொண்டிருந்தபோது, அது ஒடுங்கலாகத் தெரிகிறது என்று இசிகோனிஸுக்கு மனம் ஒப்பவில்லை. மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக வெட்டி, பாதிகளை மெல்ல மெல்ல விலக்கிப் பார்த்து, நாலு அங்குலம் அகலமாக்கினார். அதற்குள் பம்பர்கள் செய்து முடிந்திருந்தன. அவற்றை நடுவில் வெட்டி நாலு அங்குலத் துண்டு வைத்துப் பொருத்தினார்கள். மைனரின் பொனட் நடுவில் ஒரு பட்டை ஓடுமே, அதுவும் அந்த நாலு அங்குலத்தின் அடையாளம்தான். கம்பனியின் முதலாளி நஃபீல்ட் பிரபு, சைக்கிள் திருத்துவதில் தொடங்கி ஒக்ஸ்போர்ட்டில் கார்த் தொழிற்சாலை வரை வளர்ந்தவர். அவருக்கு இந்தக் கார் பிடிக்கவில்லை. "அவித்த முட்டை" என்று கேலி செய்தாராம். ஆனால் 1960 டிசம்பரில் பத்து இலட்சம் விற்ற முதல் பிரித்தானியக் கார் என்ற பெயரை அந்த முட்டைதான் எடுத்தது. 1971இல் உற்பத்தி நின்றபோது தொகை பதினாறு இலட்சத்தை எட்டியிருந்தது.

வாப்பா அதைப் புதிதாக வாங்கவில்லை. இரும்புக் கடை வைத்திருந்தவரிடம் புதுக் கார் வாங்கும் வசதி இருக்கவில்லை. 1960களின் தொடக்கத்தில் நாட்டில் அந்நியச் செலாவணி வற்றிப்போய், கார் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு வந்தது. அன்றிலிருந்து 1977இல் திறந்த பொருளாதாரம் வரும்வரை, இருக்கிற கார்தான் கார். பழைய கார் விலை இறங்குவதற்குப் பதிலாக ஏறியது. வாப்பாவும் பல வருடம் சேர்த்த காசில், ஓய்வுபெற்ற ஓர் உத்தியோகத்தரிடம் அதை வாங்கினார். தகட்டில் ஆங்கில எழுத்து இலக்கம். 1958இல் சிங்கள 'ஸ்ரீ' எழுத்துத் தகடுகளுக்கு எதிராக வடக்கில் பெரும் போராட்டம் நடந்ததே, அந்த வழக்கில் எங்கள் கார் மாட்டவில்லை. அது ஸ்ரீக்கு மூத்தது.

காலையில் கார் எழும்பும் ஓசை இன்னும் எங்கள் காதில் இருக்கிறது. வாப்பா சுபஹு தொழுதுவிட்டு வந்து திறப்பைத் திருப்புவார். பொனட்டுக்குள் இருக்கும் பெற்றோல் பம்ப் "டிக், டிக், டிக்" என்று அடிக்கும். காபரேட்டர் நிறைந்ததும் ஓசை அடங்கும். அதன் பிறகுதான் ஸ்டாட்டரை இழுப்பார். சில நாள் அந்த "டிக்" வராது. அப்போது நானா இறங்கி, ஸ்பேனரால் பம்பில் செல்லமாக ஒரு தட்டு வைப்பார். உடனே அடிக்கத் தொடங்கும். பற்றரி இறங்கிய நாளில் ஹேண்டில் வெளியே வரும். நம்பர் தகட்டுக்குக் கீழே உள்ள ஓட்டையில் விட்டு, பெருவிரலைப் பிடிக்குள் மடக்காமல் ஒரே சுற்று. பெருவிரலை மடக்கினால், எஞ்சின் திருப்பி அடிக்கும்போது மணிக்கட்டு முறியும். அந்தப் பாடத்தை வாப்பா எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தார்.

சிக்னல் இன்னொரு வேடிக்கை. விளக்கு மினுங்காது. கதவுத் தூணிலிருந்து ஒரு சிறிய கை எழும்பி நீட்டும். எழும்ப மறுத்தால், அந்தப் பக்கம் இருப்பவர் தூணில் ஒரு குத்து விடவேண்டும். அந்தப் பக்கத்து இருக்கைக்காக நாங்கள் சண்டை பிடித்திருக்கிறோம்.

கார் வாப்பாவின் பெயரில் இருந்தாலும் அது தெருவின் கார். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு அதுதான். பிள்ளைப்பேற்றுக்கு நடுச்சாமத்தில் கதவு தட்டுப்பட்டால் வாப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்களை யாழ்தேவி ஏற்ற ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவதும் அதுதான். பெற்றோல் காசு கொடுக்க வந்தால் வாங்கமாட்டார். "துஆ செய்ங்க, போதும்" என்பார். பக்கத்து வீதித் தமிழ் மாஸ்டரின் மகளுக்குக் கலியாணம் நடந்தபோது, பூ கட்டி வாசலில் நின்றதும் எங்கள் மைனர்தான். பெருநாளுக்கு எங்கள் வட்டிலப்பம் அங்கே போகும். பொங்கலுக்கு அவர்கள் வீட்டுப் பொங்கல் இங்கே வரும்.

இந்தக் கார்கள் முப்பது, நாற்பது வருடம் ஓடியதற்குக் காரணம் இங்கிலாந்து மட்டுமல்ல, எங்கள் ஊர் மெக்கானிக்குகளும்தான். 1952இல் ஒஸ்டினும் மொறிஸும் ஒரே கம்பனியாக இணைந்தன. அதன் பிறகு மைனருக்குள் வந்தது ஒஸ்டினின் எஞ்சின். அதே குடும்பத்து எஞ்சின் ஒஸ்டின் ஏ 30, ஏ 35, மினி எல்லாவற்றிலும் இருந்தது. ஒன்றின் சாமான் இன்னொன்றுக்குச் சற்றுத் திருத்தத்துடன் உதவும். இல்லாத சாமானைக் கடைச்சல் பட்டறையில் கடைந்து எடுப்பார்கள். எங்கள் காரைப் பார்த்தவர் ஒரு தமிழ் மெக்கானிக். நாங்கள் அவரை அண்ணை என்போம். வாப்பாவை அவர் நானா என்பார். காரில் என்ன கோளாறு வந்தாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பேச்சு: "நானா, இவனுக்குப் பெரிய வருத்தம் ஒண்டுமில்லை. பின்னேரம் வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியது. குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. அப்போதுதான் இந்தப் பழைய எஞ்சின்களின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. இவற்றின் அமுக்க விகிதம் குறைவு. அதனால் மட்டமான எரிபொருளையும் சகித்துக்கொள்ளும். சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். புகை தள்ளும், எஞ்சின் ஒயில் கெதியில் நீர்த்துப் போகும், ஆனால் ஓடும். புதிய ஜப்பான் கார்கள் படங்கு போர்த்திக் கிடக்க, தாத்தா வயதுக் கார்கள் வீதியில் ஓடின. எங்கள் மைனரும் அந்த நாலு மாதம் அப்படித்தான் ஓடியது.

அந்த ஒக்டோபர் கடைசிக் கிழமையில் ஹேண்டில் வளைந்துவிட்டது. நிமிர்த்தித் தரும்படி அண்ணையின் கராஜில் கொடுத்துவிட்டு வந்தார் வாப்பா.

ஒக்டோபர் 30, செவ்வாய்க்கிழமை. அன்று நடந்ததை எங்களில் யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒலிபெருக்கி, மைதானம், இரண்டு மணித்தியாலம். ஆயுதம் ஏந்தி வந்தவர்கள் நகையும் காசும் காணி உறுதியும் வாங்கிக்கொண்டார்கள். வாகனம் எதையும் எடுக்க விடவில்லை. வாப்பா காரைப் பூட்டினார். முன்கண்ணாடியைத் தோளில் கிடந்த துவாயால் துடைத்தார். ஏன் துடைத்தார் என்று நாங்கள் பிறகும் கேட்டதில்லை. திறப்பைச் சாரன் மடிப்புக்குள் வைத்துக்கொண்டு எங்களோடு நடந்தார். சோதனையில் அது தப்பிவிட்டது. வடக்கு முழுவதிலுமிருந்து அந்த நாட்களில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர்.

புத்தளத்தில் ஓலைக் குடிசையில், நடுக்கம்பில் ஓர் ஆணி. அதில் அந்தத் திறப்பு பன்னிரண்டு வருடம் தொங்கியது. குடிசை கல்வீடானபோது ஆணியும் மாறியது. திறப்பு மாறவில்லை.

2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ 9 பாதை திறந்ததும் வாப்பாவுடன் நாங்கள் இரண்டு பேர் ஊருக்குப் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை. கார் நின்ற இடத்தில் பூவரசு வளர்ந்திருந்தது. கார் எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நகரத்தில் வாடகைக்கு ஓடிக்கொண்டிருந்தவை அதே ஏ 40களும் கேம்பிரிட்ஜ்களும்தான். வாப்பா ஒவ்வொன்றின் இலக்கத்தையும் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கராஜ் இருந்தது. அண்ணைக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவரும் இடம்பெயர்ந்து, திரும்பி வந்தவர். வாப்பாவைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போனார். திரும்பி வரும்போது, கிரீஸ் பூசிச் சாக்கில் சுற்றிய ஒன்றைக் கொண்டுவந்தார். ஹேண்டில்.

"நிமித்தி வச்சனான் நானா. நீங்கள்தான் வரப் பிந்திப் போச்சு."

வாப்பா சிரித்தார். பிறகு இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எவ்வளவு தரவேணும்?" என்று வாப்பா கேட்டார். அண்ணை கையை எடுத்துக் கும்பிட்டார். போன முப்பது வருடத்தில் வாப்பா எத்தனை பேரிடம் பெற்றோல் காசு வாங்க மறுத்திருப்பார். அன்று அவருடைய முறை வந்தது.

பிரித்தானியாவில் இன்றும் மைனரைப் புதிதுபோல் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கான தகடுகளும் பாகங்களும் ஒரு காலத்தில் நம் நாட்டிலேயே செய்து அனுப்பப்பட்டிருக்கின்றன. அதனால் காசு இருந்தால் ஒரு மைனரை இப்போதும் தேடி வாங்கலாம். நானா ஒருமுறை வாப்பாவிடம் அதைச் சொன்னார். வாப்பா, "அது வேற யாரோட காரோ" என்று சொல்லி முடித்துவிட்டார்.

வாப்பா மௌத்தாகிப் பல வருடமாகிறது. அல்லாஹ் அவருடைய கப்ரை விசாலமாக்குவானாக. திறப்பும் ஹேண்டிலும் எங்களிடம் இருக்கின்றன. பிள்ளைகளே, "இப்ப எங்க?" என்று கேட்டீர்களே. கார் எங்கே என்று எங்களுக்குத் தெரியாது. மிச்சம் இவைதான். பெருநாளுக்கு வீட்டுக்கு வாருங்கள், கையில் எடுத்துப் பாருங்கள். பெருவிரலை மட்டும் மடக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் நின்றது எந்தக் கார்? ஏ 40ஆ, ஹில்மனா, மைனரா? யார் ஓட்டினார், யார் திருத்தினார், யாருடைய கலியாணத்துக்குப் போனது? இலக்கம் நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். வீடு, காணி இழப்புக்குப் பட்டியல்கள் போட்டிருக்கிறோம். இவற்றையும் ஓர் இடத்தில் எழுதி வைப்போம். நம் பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.