மூச்சு சொல்லும் சாட்சி

1897 செப்டம்பரில் லண்டன் மாநகரில் மின்சார டாக்சி ஒன்று கட்டடத்தில் மோதியது. குடித்திருந்த ஓட்டுநர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 25 ஷில்லிங் அபராதம் கட்டினார்.

அவர் மறுத்திருந்தால்? நீங்கள் நீதிபதியானால் எதை நம்புவீர்கள்? தள்ளாடும் நடையையா, வாயின் வாடையையா? களைப்பிலும் காய்ச்சலிலும்கூட மனிதன் தள்ளாடுவான் அல்லவா? குற்றவாளி தப்பவும், நிரபராதி சிக்கவும் இடமிருந்தது.

ஆகவே அளவு தேவைப்பட்டது. 1922-இல் சுவீடன் நாட்டு அறிஞர் விட்மார்க், சில துளி இரத்தத்திலேயே ஆல்ககாலை அளக்கும் முறையை வெளியிட்டார். 1936-இல் நார்வே, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராம் என்று சட்டத்தில் வரம்பு வகுத்தது.

ஆனால் நடுச்சாலையில் இரத்தம் எடுப்பது எப்படி? இங்கே ஹென்றி விதி கைகொடுத்தது. இரத்தத்தில் கரைந்துள்ள ஆல்ககாலுக்கு ஏற்ப, நுரையீரல் காற்றிலும் அதன் ஆவி கலக்கிறது. ஏறத்தாழ 2,100 மில்லிலிட்டர் மூச்சுக்காற்றில் உள்ள ஆல்ககால், 1 மில்லிலிட்டர் இரத்தத்தில் உள்ளதற்குச் சமம். 1954-இல் அமெரிக்கர் போர்க்கென்ஸ்டைன் அமைத்த கருவியில், மஞ்சள் நிறப் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசல் ஊதிய மூச்சிலுள்ள ஆல்ககாலால் நிறம் மாறும். அம்மாற்றத்தை ஒளிமின்கலம் அளந்து காட்டும்.

பிரிட்டன் 1967-இல் 80 மில்லிகிராம் வரம்பை நடைமுறைப்படுத்தியது. இந்தியாவில் வரம்பு 30 மில்லிகிராமே. மீறினால், 2019 திருத்தத்தின்படி, முதல் குற்றத்துக்கே 10,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

ஒன்றை மறவாதீர்கள்: தண்டனை அந்த வரம்பைத் தாண்டிய பிறகே வரும்; கவனக் குறைவோ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.