பரீட்சை நாட்கள்

இலங்கையின் கணினிக் கடைகள் பலவற்றில் தரப்படும் பற்றுச்சீட்டைக் கையிலெடுத்துப் பார்த்தால், விலையும் வரிசை இலக்கமும் எழுதிய இடத்துக்குக் கீழே, கண்ணை உறுத்தாத சிற்றெழுத்தில், ஓராண்டு உத்தரவாதம் என்பது 350 நாட்களையே குறிக்கும் என்றும், எரிந்த தடமோ துருவோ உடைவோ காணப்பட்டாலும், மின்னலாலும் மின்னழுத்தக் கோளாறாலும் பொருள் கெட்டாலும் அந்த உத்தரவாதம் செல்லாது என்றும் ஒரு வாசகம் இருக்கக் காணலாம். எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத இந்த ஆண்டைக் கண்டு நகைப்பவர் உண்டு. ஆயினும் வியாபாரத்தின் கணக்கு அதில் ஒளிந்திருக்கிறது: பழுதானதைத் தமக்கு விற்ற இறக்குமதியாளரிடம் கெடு முடியுமுன் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு வேண்டிய அவகாசத்தைக் கடைக்காரர் வாங்கியவரின் ஆண்டிலிருந்து முன்கூட்டியே கழித்துக்கொள்கிறார் என்று கொள்ளலாம். வாங்கியவரின் வழிப்பயணத்துக்காக எவரும் ஒரு நாளையும் கூட்டித் தருவதில்லை.

இந்தக் குறை கொழும்பில் இருப்பவருக்குத் தெரியாது. வில்கமுவயில் இருப்பவருக்குத் தெரியும். மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்தில், மகாவலி கங்கையை அடுத்து, 1984இல் தேசிய வனமாகப் பிரகடனம் செய்யப்பட்ட வஸ்கமுவக் காட்டைத் தோளோடு தோளாகக் கொண்டு, நெல்லையும் யானையையும் ஒருசேரக் காத்துக்கொண்டிருக்கும் பிரதேசம் அது. அதன் கடைத்தெரு ஹெட்டிப்பொல. அங்கிருந்து எலஹெர, நாவுல வழியாகச் சுற்றி மாத்தளைக்குப் போகலாம்; அல்லது ஹசலக்கவுக்கு இறங்கி, பதினெட்டு வளைவுகளையும் ஏறி, ஹுன்னஸ்கிரிய வழியாகக் கண்டியை அடையலாம். கணினி வியாபாரத்தின் கேந்திரமாகிய பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவோ கண்டிக்கும் அப்பால் இருக்கிறது. ஒரு விரலின் அகலமேயுள்ள ராம் என்னும் நினைவகப் பலகை ஒன்று கெட்டுவிட்டால், அதன் பொருட்டு இத்தனை மலையும் ஏறி இறங்கவேண்டும்.

வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுப்பதற்கு நாள் வரையறுக்கும் சம்பிரதாயம் நேற்றுத் தோன்றியதன்று. யாக்ஞவல்கிய ஸ்மிருதி இதனைப் பரீட்சைக் காலம் என்றே வகுத்து, விதைக்குப் பத்து நாள், இரும்புக்கு ஒரு நாள், சுமையிழுக்கும் விலங்குக்கு ஐந்து நாள், இரத்தினத்துக்கு ஏழு நாள், கறவைப் பசுவுக்கு மூன்று நாள் என்று விதித்தது. அதே பட்டியலில் மனிதரையும் வைத்து, அவர்களுக்கும் அது நாள் குறித்திருக்கிறது என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. உரோமாபுரியின் சந்தை அதிகாரிகள் அடிமைகளிலும் கால்நடைகளிலும் மறைந்திருந்த குற்றங்களுக்காக விற்பனையை முறிக்கும் வழக்கை ஏற்படுத்தியதும் இத்தகைய சந்தையிலிருந்து எழுந்ததே. ஆனால் ஸ்மிருதிகாரரின் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு: ஒவ்வொரு பொருளும் தன் குற்றத்தை வெளிப்படுத்த எத்தனை நாள் எடுக்கும் என்பதே அங்கு அளவுகோல். இரும்பை அன்றைக்கே தட்டிப் பார்த்துவிடலாம். விதையை மண்ணிலிட்டுக் காத்திருக்க வேண்டும்.

வில்கமுவக்குத் தெற்கே, அதே மகாவலிப் பள்ளத்தாக்கில், மகியங்கனையை அடுத்த சொரபொர வாவியருகே கிடைத்துப் பின்னர் பதுளைக்குக் கொண்டுபோகப்பட்ட பத்தாம் நூற்றாண்டுத் தூண் சாசனம் ஒன்று, ஹோபிட்டிகம என்னும் சந்தையின் ஒழுங்குகளை விரிவாகச் சொல்கிறது. பழுதுப் பொருளைத் திருப்பும் விதியை நான் அதில் தேடவில்லை. அந்தச் சாசனம் பிறந்த வகையே என்னைக் கவர்ந்தது. அதிகாரிகள் முறைகேடாக வரி பிடுங்குகிறார்கள் என்று அவ்வூர் வணிகரும் குடிகளும், மகியங்கனை விகாரைக்கு வந்திருந்த உதய மன்னனிடம் முறையிட்டனர். மன்னனும் ஒழுங்குகளை விதித்தான். முறையிட்டவர்கள் அநுராதபுரம் வரை நடக்க நேரவில்லை.

பிற்காலத்தில் உரோம ஒல்லாந்துச் சட்டம் இத்தீவில் வேரூன்றியபோது, மறைகுற்றத்துக்காக விற்பனையை முறிக்கவும் விலையைக் குறைக்கவும் உள்ள உரிமைகள் அதனுடன் வந்தன. அசையும் பொருள்களைப் பொறுத்தவரை 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம், மூன்றாண்டுக்கு முன் இங்கிலாந்து இயற்றியதைத் தழுவி, அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 1979இல் ஒரு பாவனையாளர் சட்டம் வந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையை நிறுவி, கொடுத்த உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளை மாற்றித் தரவோ பணத்தைத் திருப்பவோ கட்டளையிடும் அதிகாரத்தை அதற்கு அளித்தது. முறைப்பாட்டை எழுத்தில், விற்பனை நடந்த மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் விதி. 350 நாட்களுக்குப் பொறுப்பேற்ற பொருள் ஐந்தாம் மாதத்தில் கெட்டால் என்ன செய்வது என்று கேட்பவரின் கேள்வி நியாயமானதே.

கணினியின் நினைவகமோ பரீட்சைக்கு எளிதில் வசப்படாத வஸ்து. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டெனார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒவ்வொரு தகவலும் நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் இருக்கும் சொற்ப மின்னூட்டமே; அது கசிந்துகொண்டே இருப்பதால், ஒவ்வொரு செக்கனிலும் பலமுறை புதுப்பித்துக்கொண்டே இருக்கவேண்டும். சூடு ஏறினால் கசிவும் ஏறும். ஆதலால் உலர்வலயத்தின் நடுப்பகலில் அடிக்கடி நீலத்திரை காட்டி நின்றுபோகும் கணினியின் பலகை, குளிரூட்டிய கடையின் மேசைமீது அரைமணி நேரம் ஒழுங்காக ஓடிக் காட்டி, கொண்டுவந்தவரைப் பொய்யராக்கிவிடக்கூடும். கடைப் பையன் செய்யும் முதற்காரியமும் பழகியதே: பலகையைக் கழற்றி, அதன் பொன்முலாம் பூசிய பற்களைப் பள்ளிக்கூடத்து அழிறப்பரால் இரண்டு புறமும் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, மறுபடி பொருத்துவான். பாதி வேளைகளில் அதுவே வைத்தியமாகிவிடுவதும் உண்டு என்பதால் அவனைக் குறைசொல்ல முடியவில்லை.

காட்டிக்கொடுக்காத பழுதும் பழுதே என்பதை உற்பத்தியாளரே ஒப்புக்கொண்ட காலம் ஒன்று உண்டு. 1978இல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, மரே வுட்ஸ் என்னும் இருவர், காரணமின்றித் தோன்றி மறையும் பிழைகளுக்குச் சில்லைப் பொதிந்த பீங்கானிலிருந்து வெளிப்பட்ட ஆல்பாத் துகள்களே காரணம் என்று நிறுவினர். 1994இல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட் என்னும் சோதனை நிரல் சாதாரணப் பாவனையாளருக்கும் ஒரு சாட்சியைத் தந்தது: இரவு முழுவதும் ஓடவிட்டு, காலையில் திரையில் நிற்கும் சிவப்பு வரிகளைத் தொலைபேசியில் படம்பிடித்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, பேருந்து ஏறலாமா வேண்டாமா என்று பதில் வந்தபின் தீர்மானிக்கலாம். வில்கமுவ போன்ற ஊருக்கு இதைவிடப் பெரிய உபகாரத்தை எந்தச் சட்டமும் செய்ததில்லை என்பது என் அபிப்பிராயம்.

1987இல் கலிபோர்னியாவில் ஜான் டூ, டேவிட் சன் ஆகியோர் தொடங்கிய கிங்ஸ்டன் முதலான நிறுவனங்கள் ஆயுட்கால உத்தரவாதம் என்ற ஒன்றையே வழக்கமாக்கின. தாராளமாகத் தோன்றும் இது, விலை வீழ்ந்துகொண்டே இருந்த ஒரு சரக்குக்குக் கொடுக்கப்பட்ட வாக்கு. பழையதற்குப் புதியது கொடுப்பது ஆண்டுக்காண்டு மலிவாகிக்கொண்டிருந்தது. விலை ஏறியபோதுதான் அதன் சோதனை. 1993இல் ஜப்பானின் நீஹாமாவில் சில்லுகளைப் பொதியும் பிசின் தயாரித்த சுமிட்டோமோ ஆலை தீப்பிடித்தபோது நினைவகத்தின் விலை உலகெங்கும் துள்ளியது. 2025 டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், செயற்கை நுண்ணறிவுக் கூடங்களின் தேவையைக் காரணம்காட்டி, பாவனையாளருக்கான தன் குரூஷியல் வியாபாரத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. விற்ற பலகைகளுக்கான உத்தரவாதச் சேவை நீடிக்கும் என்றும் சொன்னது. மாற்றுப் பலகை கிடைக்காவிடில் வாங்கிய விலையைத் திருப்பித் தருவது இத்துறையில் அறிந்த வழி. இலங்கையில் 2022இல் சில மாதங்களுக்குள் டாலர் ஏறக்குறைய 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு ஏறியது. முந்திய ஆண்டில் வாங்கிய பலகை அப்போது கெட்டு, கொடுத்த விலையை ஒரு சதமும் குறையாமல் எண்ணிப் பெற்றவர்கூட, அந்தப் பணத்தில் புதியதில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் வாங்க முடிந்திருக்கும். ஹெட்டிப்பொலக்குத் திரும்பும் பேருந்துக் கட்டணமும் அதே ஆண்டில் பலமுறை ஏறிற்று.