மரத்தில் நிற்கும் கார்: மோரிஸ் மைனர் டிராவலரின் கதை

இந்த எபிசோடில் நாம பேசப்போறது ஒரு காரைப் பத்தி. வேகமான கார் கிடையாது. பெரிய பணக்காரங்க ஓட்டின காரும் கிடையாது. ஆனா இதோட பின்பாதி மரச்சட்டத்தில் நிக்குது. மரம்னா அழகுக்கு மேல ஒட்டின மரம்னு நினைச்சுடாதீங்க. கூரையையும் பின்கதவுகளையும் தாங்கிப் பிடிக்கிறதே அந்த மரம்தான். அது இற்றுப்போனா காரோட பின்பக்கம் தளர ஆரம்பிக்கும்.

காரின் பெயர் மோரிஸ் மைனர் டிராவலர். 1953 முதல் 1971 வரை இங்கிலாந்தில் தயாரான எஸ்டேட் கார். இன்னைக்கும் அங்கே பலர் வீட்டு கராஜில் இதைப் பிரிச்சு, பழைய மரத்தை எடுத்துட்டு, புது மரம் வெச்சுத் திரும்பக் கட்டுறாங்க. அவங்க வேலை செய்யும் வீடியோக்களை ஆபீஸ் முடிஞ்சு ராத்திரியில் உட்கார்ந்து பார்ப்பது என் பழக்கம். பார்க்கப் பார்க்க ஒரு கேள்வி வந்தது: 1953ல் ஒரு பெரிய கார் கம்பெனி எதுக்காக மரத்துக்குப் போச்சு? அந்த முடிவு எப்படி இந்தக் காரை எழுபது வருஷம் உயிரோட வெச்சிருக்கு?

நெடுக அறுத்த கார்

முதலில் மைனர். வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ், பிறகு மினியை உருவாக்கிய அதே ஆள். 1948 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மைனர் அறிமுகமானது. அதுக்குக் கொஞ்ச காலம் முன்னாடி மாதிரிக் காரைப் பார்த்த இசிகோனிஸுக்கு அது ரொம்ப ஒடுக்கமாகத் தெரிந்திருக்கிறது. காரை முன்னாலிருந்து பின்னால் வரை நெடுக அறுக்கச் சொன்னார். இரண்டு பாதியையும் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குல இடைவெளியில் நிறுத்தினார். மைனரின் பானட் நடுவில் பட்டையாக ஒரு மேடு ஓடும், கவனிச்சிருக்கீங்களா? அந்த 4 அங்குலம்தான் அது. ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களையும் நடுவில் வெட்டி ஒட்டுப்போட்டார்கள்.

10 லட்சத்தைத் தொட்ட முதல் பிரிட்டிஷ் கார் மைனர். அதைக் கொண்டாட 350 கார்களை வெளிர் ஊதா நிறத்தில் தனியாகத் தயாரித்தார்கள்.

நமக்கும் இந்தக் குடும்பத்தோட சொந்தம் உண்டு. மைனரை இந்தியாவில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் விற்றது ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ். மைனரின் அண்ணன் முறையான மோரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாவது சீரிஸ்தான் நம்ம அம்பாசடர்.

ஏன் மரம்?

மரத்தால் ஆன பின்புறம் ஒன்றும் புதுசு இல்லை. அமெரிக்காவில் ஃபோர்டு 1929லேயே மாடல் ஏ ஸ்டேஷன் வேகனை மர உடலோடு விற்றது. மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுன்டன் பகுதியில் ஹென்றி ஃபோர்டு காடுகளையே வாங்கினார், மர ஆலை வைத்தார். ஆலையில் மிஞ்சிய மரத்தைக் கரியாக்கி விற்ற வியாபாரம்தான் இன்னைக்கு அமெரிக்கர்கள் பார்பெக்யூ அடுப்பில் போடும் கிங்ஸ்ஃபோர்டு கரி.

ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு அமெரிக்கா முழு எஃகு வேகன்களுக்கு மாறிவிட்டது. அங்கே பெரிய நிறுவனங்கள் தயாரித்த கடைசி நிஜ மர வேகன் 1953ம் வருஷத்து ப்யூக். அதே 1953ல் இங்கிலாந்தில் டிராவலர் பிறக்கிறது. அங்கே முடிஞ்சுபோன தொழில்நுட்பம் இங்கே ஆரம்பமாகுது, விசித்திரம் இல்லையா?

காரணம் கணக்குதான். எஃகுத் தகட்டை வளைத்து கார் உடலாக்க பிரம்மாண்டமான அச்சுகள் வேண்டும். ஒரே அச்சில் லட்சக்கணக்கில் அடித்தால்தான் போட்ட காசு திரும்பும். எஸ்டேட் காரோ அப்போது கொஞ்சமாக விற்கும் வகை. மரத்துக்கு அச்சு வேண்டாம். ரம்பம், உளி, கை தேர்ந்த தச்சர் போதும். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் எஃகும் தட்டுப்பாட்டில் இருந்த பொருள். அதனால் மைனரின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் ஆஷ் மரச்சட்டம் பூட்டி, இடைவெளிகளை அலுமினியத் தகட்டால் மூடினார்கள்.

ஆஷ் மரம் நமக்கு முற்றிலும் அந்நியம் இல்லை. பாரம்பரியமாக கிரிக்கெட் ஸ்டம்ப் செய்வது அதில்தான். அடி வாங்கினாலும் சட்டென்று உடையாமல் கொஞ்சம் வளைந்து கொடுக்கும். ஆனால் ஒரு பெரிய பலவீனம்: ஈரத்தில் கிடந்தால் சீக்கிரம் இற்றுப்போகும். இங்கிலாந்து எப்பேர்ப்பட்ட மழை ஊர்னு சொல்லவே வேண்டாம்.

இதே இசிகோனிஸின் மினிக்கும் ஓர் எஸ்டேட் வந்தது. அதிலும் மரச்சட்டம் தெரியும். ஆனால் அது முழு எஃகு உடலின் மேல் ஒட்டிய அலங்காரம். கழற்றிப் போட்டாலும் கார் ஓடும். டிராவலரின் மரத்தைக் கழற்றினால் கூரையைத் தாங்க ஆள் வேண்டும்.

கராஜுக்குள்

சரி, வீட்டில் இதை எப்படிச் சரிசெய்கிறார்கள்?

முதல் வேலை நோய் எங்கே என்று பார்ப்பது. பக்கவாட்டுக் கண்ணாடிகள் நகரும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கும். பாசிகூட வளரும். அங்கிருந்து ஈரம் மரத்துக்குள் இறங்கும். வார்னிஷுக்கு அடியில் கறுப்பாகக் கறை பரவினால் எச்சரிக்கை. ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து அழுத்தும்போது கேக்கில் இறங்குவது மாதிரி இறங்கினால், அந்தக் கட்டை முடிந்தது.

அடுத்து, கூரைக்கு உள்ளிருந்து முட்டுக் கொடுத்துவிட்டு, பக்கச்சட்டங்களையும் பின்கதவுச் சட்டத்தையும் பெரிய பெரிய பகுதிகளாகக் கழற்றுவார்கள். அப்போதுதான் நிஜமான அதிர்ச்சி வரும்: மரம் உட்கார்ந்திருந்த இடத்தில் எஃகு துருப்பிடித்திருக்கும். சக்கர வளைவு, தரையின் ஓரம், ஸ்பிரிங் பூட்டும் இடம், எல்லாவற்றையும் வெல்டிங் செய்து சரியாக்கிய பிறகுதான் மரத்துக்கு வர வேண்டும். கோடு எழுதுறவங்களுக்கு இது புரியும். கீழே இருக்கும் லைப்ரரி உடைஞ்சிருக்கும்போது மேல எவ்வளவு அழகா எழுதியும் பிரயோஜனம் இல்லை.

புதுச்சட்டத்துக்கான கட்டைகள் அளவாக அறுத்து, செட்டாகவே விற்பனைக்குக் கிடைக்கின்றன. ஒரு கட்டையின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் போய் உட்காரும். முதலில் பசை போடாமல் முழுச்சட்டத்தையும் கோத்து, காரில் வைத்து, பின்கதவுகளையும் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். கதவு இடைவெளி சீராக வரும்வரை கழற்றி, இழைத்து, மறுபடி மாட்டுவார்கள். பசை கடைசியில்தான். காய்ந்துவிட்டால் திரும்ப வழியில்லை.

பிறகு வார்னிஷ், பல பூச்சு. வெளியே தெரியும் முகத்துக்கு மட்டும் அடித்தால் போதாது. உள்ளே மறையும் பக்கங்களுக்கும், முக்கியமாக குறுக்கே வெட்டிய முனைகளுக்கும் அடிக்க வேண்டும். மரம் உயிரோடிருந்தபோது நீர் ஏறிய குழாய்கள் அந்த முனையில் திறந்தபடி இருக்கின்றன. கட்டுக்கட்டாக ஸ்ட்ரா அடுக்கியது மாதிரி மழைநீரை உறிஞ்சும்.

பிரிட்டனின் வருடாந்தர எம்.ஓ.டி. சோதனையில் இந்த மரம் கட்டமைப்பின் ஒரு பகுதி. உளுத்திருந்தால் கார் தேறாது. 2018 முதல், பெரிதாக மாற்றப்படாத 40 வயது தாண்டிய கார்களுக்கு அந்தச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் காரை நல்ல நிலையில் வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருக்கே. மரத்தைக் குத்திப் பார்க்கும் வேலை இப்போது அவர் கையில்.

பழுது பார்ப்பதே ஒரு கொள்கை

பழைய காருக்கு இவ்வளவு செலவு செய்வது பைத்தியக்காரத்தனம் என்று தோணலாம். இங்கிலாந்தின் பாத் நகரில் மோரிஸ் மைனருக்கென்றே ஒரு மையம் நடத்திய சார்ல்ஸ் வேர் அப்படி நினைக்கவில்லை. 1982ல் 'டியூரபிள் கார் ஓனர்ஷிப்' என்று ஒரு புத்தகமே எழுதினார். அவர் வாதம் எளிமையானது. புதுக்கார் வருஷா வருஷம் மதிப்பை இழக்கிறது. அந்த இழப்பை, பழுது பார்க்கச் சுலபமான ஒரு பழைய காரின் பராமரிப்புக்குச் செலவழியுங்கள். கார் மிஞ்சும், ஊரில் கைத்தொழில் தெரிந்தவர்களுக்கு வேலையும் கிடைக்கும். பின்னர் 1990களில் அவருடைய கூட்டு முயற்சியில் இலங்கையின் காலி நகரில் மைனருக்கான உதிரித் தகடுகள் செய்யும் பட்டறை உருவாகி, அங்கிருந்து இங்கிலாந்துக்குப் போயின. மைனர்கள் அப்போதும் தெருவில் சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்த நாடு இலங்கை. பழுது பார்க்கும் கை அங்கே இருந்தது.

எனக்கு இதில் பிடிச்ச முரண் இதுதான். செலவை மிச்சம்பிடிக்க எடுத்த முடிவு மரம். அதனால் பிரிக்க முடிகிற கார் ஒன்று பிறந்தது. தொழிற்சாலை மூடினாலும், அச்சு தொலைந்தாலும், ஒரு தச்சரால் அதன் பின்பாதியைத் திரும்பச் செய்துவிட முடியும்.

ஆனால் இப்போது மரத்துக்கே ஆபத்து. ஆஷ் மரங்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் 2012ல் பிரிட்டனில் உறுதி செய்யப்பட்டது. நோய் தாக்கிய மரம் காய்ந்து நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். வெட்டுவதே ஆபத்தான வேலை. நோயைத் தாங்கும் மரங்கள் கொஞ்சம்தான். இன்று ஒரு கன்று நட்டால் அது சட்டம் அறுக்கும் பருவத்துக்கு வர இரண்டு தலைமுறை ஆகும். அச்சு இல்லாமல் பிழைத்த கார், நாளைக்கு மரம் இல்லாமல் தவிக்கலாம்.

உங்க வீட்டிலும் தாத்தா காலத்து ஏதாவது ஒண்ணு இன்னும் ஓடிட்டிருக்கும். தையல் மெஷின், மிக்ஸி, சைக்கிள், எதுவானாலும் சரி. அதை யார் பழுது பார்க்கிறாங்க, அந்த வேலையை அவங்க யார்கிட்ட கத்துக்கிட்டாங்கன்னு கேட்டு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.